முன்னாள் படைவீரர்களுக்குத் தனி நீதிமன்றம்: அந்த 14 சதவீதம் எதைச் சொல்கிறது?

கீழைக்காற்று:

வேறொரு இழையில் ஒருவர், "குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் ராணுவத்தில் இருந்தான் என்பதற்காக அமெரிக்காவில் தனி கோர்ட் வைத்துச் சலுகை தருகிறார்களாமே" என்று எரிச்சலோடு கேட்டிருந்தார். அங்கேயே பதில் எழுதினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் இந்த இழை.

பெயர் முன்னாள் படைவீரர் சிகிச்சை நீதிமன்றம். வழக்கில் சிக்கிய முன்னாள் படைவீரரை நேராகத் தண்டிக்காமல், நீதிபதியின் மேற்பார்வையில் சிகிச்சைக்கு அனுப்புகிற இடம். அலாஸ்காவில் ஆங்கரேஜ் நகரத்தில் 2004லேயே இப்படி ஒன்று நடந்தது. ஆனால் நாடு முழுக்கப் பரவக் காரணம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம். 2008 ஜனவரியில் நீதிபதி ராபர்ட் ரஸ்ஸல் அங்கே தொடங்கினார். அதற்கு முன்பிருந்தே அவர் போதை வழக்குகளுக்கான சிகிச்சை நீதிமன்றத்தை நடத்திவந்தவர். வியட்நாம் போருக்குப் போய்வந்த ஒருவர் அவர் முன் நின்றபோது நடந்த சம்பவத்தை ரஸ்ஸல் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் முனகலாகத்தான் பதில் சொன்னாராம். கோர்ட்டில் இருந்த இரண்டு பேரை, அவர்களும் வியட்நாமுக்குப் போனவர்கள்தான், அவரை வெளியே தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்ப் பேசச் சொன்னார் நீதிபதி. திரும்பி வந்த ஆள் காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டி, அணிவகுப்பில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, இனி ஒழுங்காக முயற்சி செய்கிறேன் என்று நீதிபதியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதிலிருந்துதான் இந்த யோசனையே பிறந்தது.

இன்றைக்கு இப்படி 600க்கும் மேல் இருக்கின்றன. சலுகை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கலாம், யாரும் தடுப்பதில்லை. நான் போயிருக்கிறேன். ஒருவர் சிறுநீர்ச் சோதனைக்கு வரவில்லை. பஸ் கிடைக்கவில்லை என்றார். பஸ் பாஸ் போன தடவையே கொடுத்தாச்சே என்று நீதிபதி கேட்க, பதில் இல்லை. வார இறுதி முழுக்க ஜெயில் என்று அந்த இடத்திலேயே உத்தரவு. அவருக்குப் பக்கத்தில் நின்ற வழிகாட்டி (துணைக்கு வரும் இவர்களும் முன்னாள் படைவீரர்கள்தான்), அறுபது எழுபது வயது இருக்கும், ஞாயிறு இரவு நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றார். முன்னாள் படைவீரர் நலத்துறையின் அலுவலர் (விஏ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்) மடிக்கணினியோடு ஓரத்தில் இருந்தார். மருத்துவரைப் பார்க்க அடுத்த தேதியை அப்போதே போட்டுக் கொடுத்தார். ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ இப்படி ஓட வேண்டும். முழுசாக முடித்தால்தான் வழக்கு தள்ளுபடி ஆகும், அல்லது குற்றத்தின் தரம் குறையும்.

பலன் என்ன என்று கேட்டால், 2018இல் வந்த தேசிய ஆய்வு ஒன்று 7,931 பேரைப் பார்த்தது. சராசரியாக ஏறக்குறைய ஒரு வருடம் திட்டத்தில் இருந்தவர்கள். மறுபடி சிறைக்குப் போனவர்கள் 14 சதவீதம்தான். இன்னொரு பக்கம், 2005இல் 30 மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்தவர்களில் மூன்றே வருடத்தில் மறுபடி கைதானவர்கள் 67.8 சதவீதம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

எண்சோதனை:

நல்ல அறிமுகம். கடைசிப் பத்தியில் மட்டும் நிறைய வேண்டும்.

அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. 67.8 என்பது மறுபடி கைதானவர்கள் கணக்கு. 14 என்பது மறுபடி சிறைக்குப் போனவர்கள் கணக்கு. கைதானவர்கள் எல்லாரும் சிறைக்குப் போவதில்லை. அது மூன்று வருடம், இது ஏறக்குறைய ஒரு வருடம். அதுவும் திட்டம் ஓடிக்கொண்டிருக்கும் வருடம்: வாரா வாரம் சோதனை, நீதிபதி, வழிகாட்டி என்று ஆளைச் சுற்றி நாலு பேர் நிற்கிற காலம். அப்புறம், அது மாநிலச் சிறையில் தண்டனை அனுபவித்து வெளியே வந்தவர்கள் கூட்டம். இது பெரும்பாலும் குடி, போதை, சின்ன அடிதடி வழக்குகளில் வந்து, அரசு வழக்கறிஞரும் சம்மதித்து உள்ளே எடுத்துக்கொண்ட கூட்டம்.

யாரை உள்ளே விட்டார்கள், யாரை நடுவில் கழற்றிவிட்டார்கள் என்று தெரியாமல் மறுகுற்ற விகிதத்தை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பஃபலோவில் தொடங்கிய புதிதில், தேறி வெளியே போனவர்களில் ஒருவர்கூட மறுபடி குற்றம் செய்யவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. தேறியவர்களில்! பத்தாம் வகுப்பில் தேறமாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளைகளுக்கு ஒன்பதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு, வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பிளெக்ஸ் கட்டுகிற பள்ளிக்கூடம் நினைவுக்கு வருகிறதா?

நீங்கள் சொன்ன அதே 2018 ஆய்வில் இன்னும் இருக்கிறது. சொந்தமாகத் தங்க இடம் உள்ளவர்கள் 10 சதவீதம் கூடினார்கள், விஏ உதவித்தொகை பெறுபவர்கள் 12 சதவீதம் கூடினார்கள். வேலையில் இருப்பவர்கள்? 1 சதவீதம்தான் கூடினார்கள். வருடம் முழுக்க இத்தனை பேர் பின்னால் நின்றும் வேலை கிடைக்கவில்லை என்றால், திட்டம் முடிந்த மறுநாள் அந்த ஆள் என்ன செய்வார்?

புதுவை புகழ்:

அப்போ டாக்சி ஓட்டுநருக்குத் தனி கோர்ட், நர்ஸுக்குத் தனி கோர்ட். நடத்துங்க.

ஹவில்தார் (ஓய்வு):

புதுவைத் தம்பி, டாக்சி ஓட்டுகிறவரை யாரும் ஆறு மாதம் மனுஷனைச் சுடப் பழக்கி அனுப்பவில்லை. கிண்டல் பண்ணுவதற்கு முன்னால் அதை யோசியுங்கள்.

நான் அமெரிக்கா போனதில்லை. பட்டாளம் தெரியும். ஊருக்குத் திரும்பினவன் பெண்டாட்டியிடம் பேசமாட்டான், டாக்டரிடம் பேசமாட்டான், வக்கீலிடம் கண்டிப்பாகப் பேசமாட்டான். கூட இருந்தவனிடம் மட்டும்தான் வாய் திறப்பான். அதுவும் ராத்திரியில், ரெண்டு ரவுண்டுக்கு அப்புறம். கீழைக்காற்று சொன்ன தாழ்வாரக் கதையில் எனக்கு ஆச்சரியமே இல்லை. சீனியர் ஒருத்தன் வந்து "நிமிர்ந்து நில்லுடா" என்றால் உடம்பு தானாக நிற்கும். அதைத்தான் அந்த நீதிபதி பிடித்துக்கொண்டிருக்கிறார். கெட்டிக்காரர்.

எண்சோதனை சார், உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு ஆள் மறுபடி குடிக்காமல் ஒரு வருடம் இருந்தான் என்றால் அந்த ஒரு வருடம் அவன் வீட்டில் அடி விழவில்லை என்று அர்த்தம். அதை ஒன்றுமில்லை என்று தள்ளாதீர்கள்.

மல்லிகா_டெக்சாஸ்:

ஹவில்தார் ஐயா, உங்கள் மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன். "வீட்டில் அடி விழவில்லை" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? சிறுநீர்ச் சோதனையில் அது தெரியாது.

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான உதவித் தொலைபேசியில் நான் தன்னார்வலராக இருக்கிறேன். இந்த நீதிமன்றங்களில் சில குடும்ப வன்முறை வழக்கை எடுப்பதே இல்லை, சில எடுக்கின்றன. எடுக்கிற இடத்தில் என்ன நடக்கிறது பாருங்கள். கோர்ட் முழுக்க அந்த மனிதருக்காக நிற்கிறது. நீதிபதி உற்சாகப்படுத்துகிறார், வழிகாட்டி தோளைத் தட்டுகிறார், திட்டத்தின் ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் அறை முழுக்கக் கைதட்டல். அடி வாங்கியவள் அந்த அறையில் இருக்கிறாளா? பெரும்பாலும் இல்லை. அவர் அடுத்த படிக்குப் போய்விட்டார் என்பதும், தொடர்புகொள்ளக் கூடாது என்ற உத்தரவு எப்போது தளர்கிறது என்பதும் அவளுக்குக் கடைசியில்தான் தெரியவருகிறது. ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "அவருக்குப் பட்டமளிப்பு விழா வைக்கிறார்களாம். எனக்கு என்ன வைப்பார்கள்?"

இன்னொன்றும் யாரும் சொல்லவில்லை. மறுபடி கைதாகவில்லை என்றால் மறுபடி அடிக்கவில்லை என்று ஆகாது. புகார் கொடுத்தால்தான் கைது. புகார் கொடுத்தால் அவர் திட்டத்திலிருந்து வெளியே தள்ளப்படுவார், சிறைக்குப் போவார், விஏ பணமும் குறையும் என்று தெரிந்த மனைவி எத்தனை தடவை போலீஸைக் கூப்பிடுவாள்? அந்த 14 சதவீதத்துக்குள் இவள் இல்லை.

கீழைக்காற்று:

மல்லிகா, புகார் வராத வன்முறை எல்லா நீதிமன்றத்துக்கும் உள்ள குறை. வழக்கமான கோர்ட்டில் அதே ஆளுக்கு என்ன கிடைக்கும்? கொஞ்ச நாள் உள்ளூர் ஜெயில், அப்புறம் மாதம் ஒரு முறை கையெழுத்து. குடி அப்படியே, கோபம் அப்படியே, தூங்க முடியாத ராத்திரி அப்படியே. எது அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு?

எண்சோதனைக்கு: ஒப்பீடு சரியில்லை என்றால் சரியான ஒப்பீட்டுக்கே வருகிறேன். இந்த நீதிமன்றங்களின் எலும்புக்கூடு போதைச் சிகிச்சை நீதிமன்றத்தினுடையது. 1989இல் மயாமியில் தொடங்கிய முறை. அதைப் பற்றி ஒன்றல்ல, 154 மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு 2012இல் வந்தது. ஒப்பீட்டுக் குழுவில், அதாவது இந்த நீதிமன்றத்துக்குப் போகாதவர்களில், மறுகுற்றம் 50 சதவீதம் என்றால் பெரியவர்களுக்கான போதை நீதிமன்றத்தில் 38. ஆட்டமில்லாத முடிவு. அதே முறையில், அதைவிடக் கூடுதலாக வழிகாட்டியும் விஏ மருத்துவமும் சேர்ந்தால் பலன் குறையவா போகிறது?

எண்சோதனை:

இது உருப்படியான வாதம். 50க்கு 38 என்பதை நான் ஏற்கிறேன். 67.8க்கு 14 என்று முதலில் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பதை வாசிப்பவர்கள் கவனிக்கட்டும்.

ஆனால் உங்கள் வாதமே உங்களைத் திருப்பி அடிக்கிறது. பலன் தருவது போதை நீதிமன்றத்தின் முறை என்றால், அதில் "படைவீரர்" என்ற அடையாளம் என்ன கூட்டுகிறது? அதே ஊரில் அதே குடிப்பழக்கத்தோடு பிடிபட்ட கட்டடத் தொழிலாளியையும் அதே அறையில் உட்காரவைக்கலாமே.

இன்னும் முக்கியமானது: போதை நீதிமன்ற ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது, இவ்வளவு கெடுபிடியான மேற்பார்வை யாருக்குப் பயன் தருகிறது என்றால், மறுபடி குற்றம் செய்யும் அபாயம் அதிகமாக உள்ளவர்களுக்கு. அபாயம் குறைந்தவர்களை அதே கெடுபிடியில் போட்டால் பலன் இல்லை, சில சமயம் கெடுதல்கூட. வேலைக்குப் போகமுடியாமல் போகும், மோசமான சகவாசம் சேரும். இந்த நீதிமன்றங்களின் வாசலில் முதல் கேள்வி என்ன? "ராணுவத்தில் இருந்தாயா?" அபாயம் எவ்வளவு என்பது அப்புறம்தான். சில இடங்களில் அதுவும் இல்லை. வன்முறை வழக்கு என்றால் கதவைச் சாத்துகிற இடங்களும் உண்டு.

2011-12இல் அமெரிக்கச் சிறைகளிலும் உள்ளூர் ஜெயில்களிலும் இருந்த முன்னாள் படைவீரர்கள் ஏறக்குறைய 1,81,500 பேர். மொத்தக் கைதிகளில் 8 சதவீதம். சிறையில் இருந்தவர்களைப் பார்த்தால், வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்கள் படைவீரர்களில் 64 சதவீதம், மற்றவர்களில் 48. அதாவது படைவீரர்கள் பெரிய குற்றத்தில் சிக்கினால் அது பெரும்பாலும் வன்முறை. கதவைச் சாத்துகிற இடங்களில் அவர்கள்தான் வெளியே நிற்கிறார்கள். லேசான வழக்கை உள்ளே எடுத்து, கனமான வழக்கை வெளியே விட்டால் 14 சதவீதம் வராமல் என்ன செய்யும்?

புதுவை புகழ்:

எண்சோதனை சார் சொன்னதைத்தான் நான் ஒரே வரியில் சொன்னேன்.

எண்சோதனை:

இல்லை. நீங்கள் சொன்னது யாருக்கும் வேண்டாம் என்று. நான் சொல்வது தேவைப்படும் எல்லாருக்கும் வேண்டும் என்று.

வழக்குமன்றம்:

சட்டப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

படைவீரர்களிடம் இரக்கம் காட்டுவது அமெரிக்க நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. ஜார்ஜ் போர்ட்டர் என்ற கொரியப் போர் வீரர், 1986இல் புளோரிடாவில் முன்னாள் காதலியையும் அவருடைய புதிய காதலரையும் கொன்றார். மரண தண்டனை. தண்டனையை முடிவு செய்யும் விசாரணையில் அவருடைய வழக்கறிஞர் போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 2009இல் உச்ச நீதிமன்றம், இதை ஜூரியிடம் சொல்லாதது பெரிய குறை என்று கூறி மரண தண்டனையை ஏற்க மறுத்தது. முன்னணியில் நின்று போரிட்டவர்களிடம் கருணை காட்டும் நீண்ட மரபு இந்த நாட்டுக்கு உண்டு என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆனால் கவனியுங்கள்: அங்கே பார்த்தது ஒரு தனி மனிதர் எந்தச் சண்டையில் என்ன பட்டார், அது அவரை என்ன செய்தது என்பதை. படைவீரர் என்ற அட்டையைக் காட்டினால் வேறு கதவு என்பது அதுவல்ல. குடிமை உரிமைகளுக்காகப் போராடும் அமைப்பான ஏ.சி.எல்.யு.வின் நெவாடா கிளை அந்தக் காலத்திலேயே எதிர்ப்புச் சொன்னது இதைத்தான். தொழிலை வைத்துக் குற்றவாளிகளைப் பிரிக்கக் கூடாது, நோயை வைத்துப் பிரியுங்கள் என்ற தொனியில்.

ஆனால் இது சலுகை என்ற பேச்சையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சின்ன வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் எதையோ திருடினார். வழக்கமான கோர்ட்டில் அபராதமோ சில வாரமோ. அதோடு முடிந்தது. இங்கே வந்தால் பல இடங்களில் முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு ஒன்றரை வருடம் சோதனை, சிகிச்சை, நீதிபதி. நடுவில் தவறினால் அவ்வப்போது ஜெயில். கடைசியில் வெளியேற்றப்பட்டால் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட குற்றத்துக்குத் தண்டனை தனி. இப்படி ஒருவர் மொத்தமாக ஜெயிலில் இருந்த நாள், அவர் முதலிலேயே தண்டனையை வாங்கிக்கொண்டு போயிருந்தால் இருந்திருக்கும் நாளைவிடக் கூடிவிடலாம். நான் இவருக்கு வழக்கறிஞராக இருந்தால், சேரு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன்.

ஹவில்தார் (ஓய்வு):

வக்கீல் சார், "படைவீரர் அட்டை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அந்த அட்டை கிடைக்காதவனைப் பற்றி யாராவது பேசுங்களேன். பட்டாளத்தில் இருக்கும்போதே தலை கெட்டுப்போய், குடித்து, மேலதிகாரியிடம் சண்டை போட்டு வெளியே அனுப்பப்பட்டவன் கதி என்ன? அவனுக்குத்தானே முதலில் வைத்தியம் வேண்டும்?

வழக்குமன்றம்:

ஐயா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். நானே அடுத்து எழுத நினைத்தது.

அமெரிக்க ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது எந்த வகையில் விடுவிக்கப்பட்டார் என்று காகிதத்தில் எழுதுவார்கள். கௌரவத்தோடு விடுவிப்பு என்றால் விஏ கதவு திறந்திருக்கும். "கௌரவத்துக்குக் குறைந்தது" என்ற வகை என்றால் விஏ மருத்துவம் கிடைப்பது கஷ்டம். பல சிகிச்சை நீதிமன்றங்கள் விஏவையே நம்பி நடப்பதால் இவர்களை எடுப்பதே இல்லை.

நாடாளுமன்றத்துக்காகக் கணக்குப் பார்க்கும் தணிக்கை அலுவலகம் 2017இல் ஓர் அறிக்கை தந்தது. 2011 முதல் 2015 வரையான நிதியாண்டுகளில் நடத்தைக் குறைவு என்று ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் 91,764 பேர். அவர்களில் 57,141 பேருக்கு, அதாவது 62 சதவீதத்துக்கு, வெளியேறுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் போர் அதிர்ச்சி நோயோ, மூளைக் காயமோ, குடி, மனச்சோர்வு போன்ற வேறு பாதிப்போ இருப்பதாக ராணுவ மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். இந்த 57,141இல் 13,283 பேர் நான் சொன்ன அந்தக் கீழ் வகைக் காகிதத்தோடு வெளியே போனார்கள்.

ராணுவமே நோயைக் கண்டுபிடித்தது, ராணுவமே துரத்தியது, பிறகு ராணுவக் காகிதம் சரியில்லை என்று சிகிச்சை நீதிமன்றமும் கைவிரிக்கிறது. மறுபடி குற்றம் செய்ய வாய்ப்பு அதிகமுள்ள ஆட்கள் இவர்கள்தான் என்பது என் ஊகம். இவர்களைக் கணக்கிலேயே எடுக்காமல் வெற்றி விகிதம் சொல்வது எண்சோதனை சொன்ன பிளெக்ஸ்தான்.

கீழைக்காற்று:

விஏவை நம்பி நடப்பதைக் குறையாக மட்டும் பார்க்காதீர்கள். இந்த நீதிமன்றங்கள் இவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணமே அதுதான். சாதாரண போதை நீதிமன்றத்தில் சிகிச்சைச் செலவை மாவட்டமோ மாநிலமோ எங்காவது தேட வேண்டும். பட்ஜெட் வெட்டு வந்தால் முதலில் அடிபடுவது அதுதான். இங்கே மருத்துவச் செலவை விஏ ஏற்கிறது. வழிகாட்டிகள் சம்பளமில்லாமல் வருகிறார்கள். நீதிபதிக்குத் தேவை ஒரு நாள், ஒரு அறை, ஒரு பட்டியல். 2020இல் கூட்டாட்சி அரசும் இதை ஊக்குவிக்கத் தனிச் சட்டம் போட்டது.

கட்டடத் தொழிலாளிக்கும் வேண்டும் என்று எண்சோதனை சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு இல்லை என்பதற்காக, பணமும் ஆளும் தயாராக இருக்கிற இடத்தில் இவருக்கும் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

எண்சோதனை:

வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பணம் எங்கே இருக்கிறதோ அங்கே நீதி என்று ஆகிவிடுகிறது, அதைச் சொல்கிறேன். சரி, அதை விடுங்கள்.

போர்தான் இவர்களைக் குற்றவாளி ஆக்கியது என்று இந்த இழையில் எல்லாரும் எடுத்துக்கொண்டு பேசுகிறோம். 2013இல் பிரிட்டனில் 13,856 படைவீரர்களின் குற்றப் பதிவுகளைத் தேடிப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டதால் மட்டும் வன்முறைக் குற்றம் கூடவில்லை. நேரடிச் சண்டையில் இருந்தவர்களுக்கு அபாயம் 53 சதவீதம் கூடியிருந்தது, உண்மை. ஆனால் படையில் சேர்வதற்கு முன்பே வன்முறை வழக்கு இருந்தது பெரிய அறிகுறியாக நின்றது. திரும்பி வந்த பிறகு அளவுக்கு மீறிக் குடிப்பதும் அப்படித்தான். ஆக ஒரே அறையில் மூன்று விதமான ஆட்கள் நிற்கிறார்கள்: போர் உடைத்தவர், முன்பே உடைந்து படைக்கு வந்தவர், போரையே பார்க்காமல் கிடங்கில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து குடிப்பவர். மூவருக்கும் ஒரே நிமிர்ந்து நிற்கும் வைத்தியம் போதுமா?

ஹவில்தார் (ஓய்வு):

கிடங்கில் இருந்தவனும் பட்டாளத்தான்தான். ஆனால் நீங்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. சண்டை பார்த்தவனையும் பார்க்காதவனையும் ஒரே வழிகாட்டியிடம் விட்டால், பார்த்தவன் வாயை மூடிக்கொள்வான். அதை அங்கே எப்படிப் பிரிக்கிறார்கள் கீழைக்காற்று?

கீழைக்காற்று:

தரைப்படைக்காரருக்குத் தரைப்படை, கடற்படைக்காரருக்குக் கடற்படை, அதே போருக்குப் போனவர் என்று முடிந்தவரை பொருத்துவார்கள். பெண் படைவீரர் என்றால் பெண் வழிகாட்டி தேடுவார்கள். கிடைப்பதுதான் கஷ்டம். பெரிய ஊர்களில் முடிகிறது. சின்ன மாவட்டங்களில் யார் வருகிறாரோ அவர்தான்.

மல்லிகா_டெக்சாஸ்:

பெண் படைவீரர் என்ற பேச்சே இப்போதுதான் வருகிறது. படைக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகி, அதன் பிறகு போதைக்குப் போய் வழக்கில் சிக்கிய பெண்ணை, அறை முழுக்க ஆண்கள் அணிவகுப்புப் பாணியில் நிற்கிற நீதிமன்றத்தில் கொண்டு நிறுத்துவது சிகிச்சையா? உங்களுக்கு நிம்மதி தரும் அதே சீருடைச் சூழல் அவளுக்குப் பயம். ஹவில்தார் ஐயா "உடம்பு தானாக நிற்கும்" என்றார். அவள் உடம்பும் நிற்கும், வேறு காரணத்துக்கு.

ஹவில்தார் (ஓய்வு):

அதற்கு என்னிடம் பதில் இல்லை, அம்மா. அந்தப் பிள்ளைக்கு வேறு வழி வைக்கத்தான் வேண்டும். அதற்காக மற்ற பையன்களுக்கு இருப்பதை எடுக்காதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

நெறியாளர்:

புதுவை புகழ் அவர்களின் கடைசி இரண்டு பின்னூட்டங்கள் நீக்கப்பட்டன. கருத்துக்காக அல்ல, வார்த்தைக்காக. இந்தியாவில் இப்படி வேண்டுமா என்று தனிமடலில் கேட்டவர்கள் புதிய இழை தொடங்கலாம்.

வழக்குமன்றம்:

2018 ஆய்வின் இன்னொரு முடிவையும் போட்டுவைக்கிறேன். மறுபடி சிறைக்குப் போனவர்கள் யார் என்று பார்த்தபோது, முன்பே சிறைக்குப் போயிருந்தவர்கள், திருட்டு மாதிரியான சொத்துக் குற்றத்தில் வந்தவர்கள், புரொபேஷன் (சிறைக்குப் பதிலான கண்காணிப்பு) அல்லது பரோல் நிபந்தனையை மீறி வந்தவர்கள், போதைப் பழக்கம் உள்ளவர்கள். மற்ற நீதிமன்றங்களிலும் மறுபடி வருபவர்கள் இதே ஆட்கள்தான். திருடுகிறவருக்கு வேலையும் வீடும் வேண்டும், கெட்ட கனவைப் பற்றிப் பேசும் சிகிச்சை மட்டும் போதாது. வேலைக் கணக்கு 1 சதவீதத்தில் நிற்பதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். நீதிமன்றத்தில் விஏ மருத்துவருக்கு நாற்காலி இருக்கிறது. வேலை வாங்கித் தருபவருக்கு எத்தனை இடத்தில் நாற்காலி இருக்கிறது?

கீழைக்காற்று:

நான் போன இடத்தில் இல்லை. சிகிச்சைக்கும் சோதனைக்கும் போக வாரத்தில் இரண்டு மூன்று நாள் லீவு கேட்கிற ஆளை எந்த முதலாளி வைத்துக்கொள்வார் என்று ஒருவர் நீதிபதியிடமே கேட்டார். நீதிபதி, சோதனையைக் காலை ஏழு மணிக்கு மாற்ற முடியுமா என்று அலுவலரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த மாதம் மறுபடி போகப்போகிறேன். ஒருங்கிணைப்பாளர் இடைவேளையில் பேசுவார், நல்ல மனிதர். என்ன கேட்கட்டும்?

எண்சோதனை:

முதலில், போன வருடம் மனு போட்டவர்கள் எத்தனை, மறுக்கப்பட்டவர்கள் எத்தனை, எதற்காக. அப்புறம், நடுவில் வெளியேற்றப்பட்டவர்களையும் மறுகுற்றக் கணக்கில் சேர்க்கிறார்களா, தேறியவர்களை மட்டுமா. முடித்துப் போனவர்களை மூன்று வருடம் கழித்து யாராவது தேடுகிறார்களா. கடைசிக் கேள்விக்கு "பட்டமளிப்பில் எல்லாரும் அழுதார்கள்" என்ற பதில் வந்தால் அதையும் எழுதுங்கள்.

மல்லிகா_டெக்சாஸ்:

நான் ஒன்று சேர்க்கிறேன். அந்த ஆள் ஒரு படி தாண்டும்போது, அடி வாங்கியவளுக்குத் தேதி சொல்லி யார் போன் பண்ணுகிறார்? வேலை பார்ப்பவரின் பெயர் கேளுங்கள், பதவி வேண்டாம். பெயர் சொல்லத் தயங்கினால் யாரும் பண்ணுவதில்லை.

ஹவில்தார் (ஓய்வு):

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஜெயில் வாசலுக்குப் போனாரே பெரியவர், அவர் நிஜமாகவே போனாரா என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.